எதை ஊற்றினாலும் புள்ளி வைக்கும் இயந்திரம்: ஃப்ளோ சைட்டோமெட்ரியைக் கற்பித்தல்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளந்து திரையில் புள்ளியாக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் சட்டி காலியாக இருந்தாலும் அகப்பையில் ஏதோ வந்துவிடும். செல்லே இல்லாத வெறும் பஃபர் கரைசலை வைத்து, த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவுக்கு மேல் சிக்னல் வந்தால் பதிவது என்ற வரம்பை, கீழே இறக்கி, ஒளியுணரியின் வோல்டேஜைக் கூட்டினால் போதும். சற்று நேரத்தில் 10,000 புள்ளிகள் கொண்ட படம் திரையில் தயார். அதில் ஒரு பகுதியைச் சுற்றி வட்டம் போட்டால் சதவீதமும் கிடைக்கும், தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு. மைக்ராஸ்கோப்பில் கெட்டுப்போன ஸ்லைடு பார்த்தவுடனே கெட்டது என்று தெரியும். இங்கே கெட்ட சாம்பிளும் நல்ல சாம்பிளும் ஒரே மாதிரிப் புள்ளிகளாக வந்து விழுகின்றன.

இந்தக் கருவியைக் கற்பிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வந்த படத்தைச் சந்தேகிக்கப் பழக்குவதற்கு ஒரு வாரமாவது வேண்டும். அந்த ஒரு வாரத்தை விரிவுரைக்கும் செய்முறைக்கும் எப்படிப் பங்கிடுவது, மேசையில் என்ன வைப்பது, எங்கே தப்பு நடக்கும், ஏன் நடக்கும் என்பதே இங்கே பேச்சு.

கருவியின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரவத்தில் மிதக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் லேசரைக் கடக்கும் சில மைக்ரோவினாடிகளில் அது சிதறடிக்கும் ஒளியும், அதன்மேல் ஏற்றியிருக்கும் சாயங்கள் உமிழும் ஒளியும் அளக்கப்படுகின்றன. முன்பக்கச் சிதறல் ஏறத்தாழ செல்லின் பருமனைக் காட்டும். பக்கவாட்டுச் சிதறல் உள்ளே இருக்கும் துகள்களின் நெருக்கத்தைக் காட்டும். சாயம் ஒட்டிய ஆன்டிபாடி, செல்லின் மேல் எந்தப் புரதம் இருக்கிறது என்பதைச் சொல்லும். பத்தாயிரம் செல்களை ஒவ்வொன்றாக அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதன் வரலாற்றை விரிவுரையில் நீட்டத் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். சிறு துளை வழியே செல்களை ஓடவிட்டு, மின்தடை மாற்றத்தை வைத்து எண்ணும் முறைக்கு வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்றார். 1965இல் லாஸ் அலமாஸில் மாக் ஃபுல்வைலர் செல்களைத் துளிகளுக்குள் அடைத்து, மின்னூட்டம் கொடுத்துப் பிரித்தார். 1968இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் வொல்ஃப்காங் கோடே ஒளிர்வை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பெர்க்கின் குழு 1969இல் ஒளிர்வை வைத்தே செல்களைப் பிரித்துக் காட்டியது. இன்றைய பெயர் நிலைபெற்றது 1976இல், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் நடந்த ஒரு மாநாட்டில்.

அந்த நாட்களில் கருவியைக் கட்டியவர்தான் அதை ஓட்டியவரும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே பாடமாக இருந்தது. எச்ஐவி வந்ததும் நிலைமை மாறியது. இந்தியாவில் அந்த வைரஸ் முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. மருந்தை எப்போது தொடங்குவது என்பதை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள சிடி4 செல்களின் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை தீர்மானித்தது; அதை எண்ணித் தந்தது இந்தக் கருவி. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2006இல் 200, 2010இல் 350, 2013இல் 500. தொற்று உள்ள எல்லோருக்கும் மருந்து என்று அது சொன்னது 2015இல்தான். வரம்பு 200ஆக இருந்த ஆண்டுகளில் 190க்கும் 210க்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒருவருக்கு அன்று மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பதாக இருந்தது. பிப்பெட் பிடித்த டெக்னீஷியனின் கைப்பழக்கத்துக்கு அவ்வளவு எடை.

பாடத்தை அடுக்கும் விதம்

ஒரு கருவி, ஐந்து நாள், பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் பின்வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். நால்வராக மூன்று குழு. ஒரு குழு கருவியில் இருக்கும்போது அடுத்தது சாம்பிள் தயாரிக்கும், மூன்றாவது கணினியில் முந்தைய நாள் கோப்புகளை அலசும். காலையில் 45 நிமிட விரிவுரை இரண்டு; அன்று பேசியதை அன்று பிற்பகலே கையால் செய்துவிட வேண்டும். முதல் இரண்டு நாளும் விரிவுரை, பிறகு மூன்று நாள் செய்முறை என்று பிரிப்பது அட்டவணை போடுகிறவருக்கு வசதி. காம்பென்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் கணக்கில் கலப்பதைக் கழிப்பது) பற்றித் திங்கட்கிழமை கேட்டது வியாழக்கிழமை ஒருவருக்கும் நினைவிருக்காது.

முதல் விரிவுரை திரவ ஓட்டத்தைப் பற்றியது. பெரும்பாலானோர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுவே. நடுவில் சாம்பிள், அதைச் சூழ்ந்து வேகமாக ஓடும் ஷீத் திரவம். ஷீத் திரவம் நடு ஓட்டத்தை நெருக்கி, செல்களை ஒற்றை வரிசையாக்குகிறது. 'ஹை' பொத்தானை அழுத்தினால் எல்லாமே வேகமாக ஓடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஷீத்தின் அழுத்தம் மாறுவதில்லை. சாம்பிளின் அழுத்தம் மட்டும் கூடுகிறது. அதனால் நடு ஓட்டம் தடிக்கிறது. தடித்த ஓட்டத்தில் சில செல்கள் லேசரின் பிரகாசமான நடுப்பகுதியைத் தவறவிட்டு ஓரமாகப் போகும், சில நேரம் இரண்டு செல்கள் சேர்ந்தே போகும். மேசைக் கருவிகள் பலவற்றில் குறைந்த வேகம் நிமிடத்துக்கு 10 முதல் 12 மைக்ரோலிட்டர். உயர்ந்த வேகம் 60, சிலவற்றில் 120. ஒலி அலையால் செல்களை நடுவே நிறுத்தும் கருவிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் கூடத்தில் இருப்பது எந்த வகை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒளியியல் விரிவுரைக்கு ஒரு பலகை, நான்கு வண்ணச் சாக்பீஸ் போதும். 488 நானோமீட்டர் நீல லேசர் எஃப்ஐடிசி சாயத்தைத் தூண்டுகிறது. அது சுமார் 520இல் பச்சையாக ஒளிர்கிறது. அதே லேசர் பிஇ சாயத்தையும் தூண்டும். அது 575ஐ ஒட்டி ஆரஞ்சாக ஒளிரும். பச்சைக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில் 530/30 என்று எழுதியிருந்தால் 515 முதல் 545 வரை உள்ள ஒளியை மட்டும் அது உள்ளே விடும் என்று பொருள். எஃப்ஐடிசியின் ஒளி 545இல் சட்டென்று நின்றுவிடுவதில்லை. அதன் வால் பிஇ ஃபில்டர் வரை நீள்கிறது. அந்த வாலை மாணவர்களே பலகையில் வரையட்டும். மூன்றாம் நாள் பாடம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரப்போகிறது.

கோழி ரத்தம், ஈஸ்ட், குளத்துப் பாசி

ஆன்டிபாடிகள் விலை அதிகம். முதல் நாளே அவற்றை எடுக்க வேண்டியதில்லை. கோழிக்கடையிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட குழாயில் 2 மில்லிலிட்டர் ரத்தம் வாங்கிவந்தால் இரண்டு பெரிய பாடங்கள் அதிலேயே முடியும். மனிதச் சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் இல்லை, கோழிக்கு உண்டு. கையுறை கட்டாயம், மிச்சத்தை உயிரியல் கழிவில் சேர்க்க வேண்டும்.

10 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 10 மில்லிலிட்டர் பிபிஎஸ் பஃபரில் கலந்தால் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் செல்கள் இருக்கும். அதில் 1 மில்லிலிட்டர் எடுத்து, அதே அளவு சாயக் கரைசல் சேர்க்க வேண்டும். கரைசலில் 0.1 சதவீதம் டிரைட்டன் எக்ஸ்-100, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ப்ரொபிடியம் அயோடைடு, 100 மைக்ரோகிராம் ஆர்என்ஏஸ். டிரைட்டன் செல்சவ்வைக் கரைத்து நியூக்ளியஸை வெளியே விடும், ப்ரொபிடியம் டிஎன்ஏவில் ஏறும். இரட்டை இழை ஆர்என்ஏவிலும் ப்ரொபிடியம் ஏறும் என்பதால்தான் அதை அழிக்கும் ஆர்என்ஏஸ். இருட்டில் 15 நிமிடம் வைத்துவிட்டு, குறைந்த வேகத்தில், லீனியர் அளவுகோலில் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 12 மைக்ரோலிட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 300 செல்கள் வர வேண்டும். இந்தக் கணக்கை மாணவர்கள் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், திரையில் 40 என்று காட்டும்போது அடைப்பு இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

வரைபடத்தின் முகடு அளவுகோலின் 200ஆம் சேனலில் நிற்கும்படி வோல்டேஜை வைத்தால் 400இல் இன்னொரு சிறு முகடு எழும். அது என்ன என்று கேளுங்கள். பாடப்புத்தகம் படித்துவந்தவர்கள் 'ஜி2 நிலை செல்கள்', அதாவது பிளப்பதற்கு முன் டிஎன்ஏவை இரட்டித்தவை, என்பார்கள். ரத்தத்தில் சுற்றும் கோழிச் சிவப்பணு பிளப்பதே கிடையாது, அதற்கு ஜி2 எங்கிருந்து வரும்? 400இல் இருப்பவை ஒட்டிக்கொண்டு சேர்ந்துபோன ஜோடிகள். ஒவ்வொரு செல்லும் தரும் ஒளித் துடிப்பின் பரப்பை எக்ஸ் அச்சிலும் அகலத்தை ஒய் அச்சிலும் வைத்தால் ஜோடிகள் லேசரைக் கடக்க அதிக நேரம் எடுத்துத் தனியே மேலே நிற்கும். ஒற்றைகளை மட்டும் கேட் போட்டால் (சுற்றி வட்டமிட்டுத் தனியே எடுத்தால்) 400 முகடு காணாமல் போய்விடும். அடுத்து வேகத்தை 'ஹை'க்கு மாற்றச் சொல்லுங்கள். முகடு அகலமாவதையும் ஜோடிகள் கூடுவதையும் ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். காலையில் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டது அப்போதுதான் உறைக்கும். 200, 400, 600 என்று சம இடைவெளியில் முகடுகள் வருகின்றனவா என்று பார்ப்பது கருவியின் லீனியர் தன்மைக்கும் ஒரு சோதனை.

பேக்கரி ஈஸ்ட் வேறொன்றைக் கற்றுத்தரும். ஒரு பங்கை 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்துக் கொன்று, உயிருள்ளதோடு 0, 25, 50, 75, 100 சதவீதமாகக் கலந்து, மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ப்ரொபிடியம் சேர்த்து ஓட்டுங்கள். உயிருள்ள சவ்வு அந்தச் சாயத்தை உள்ளே விடாது. எதிர்பார்த்த சதவீதத்தையும் வந்த சதவீதத்தையும் வரைபடமாக்கினால் கோடு பூஜ்யத்திலிருந்து தொடங்காது. பாக்கெட்டில் வரும் உலர் ஈஸ்ட்டில் ஒரு பங்கு ஏற்கெனவே செத்திருக்கும். இதைச் சொல்லாமல் விட்டு, காரணத்தை அவர்களையே தேடவிடுவது நல்லது.

குளத்துப் பச்சைத் தண்ணீரை 40 மைக்ரான் வலையில் வடிகட்டி ஓட்டினால், எந்தச் சாயமும் சேர்க்காமலே சிவப்பு ஒளியை அளக்கும் சேனலில் பளிச்சென்று ஒளிரும். குளோரோஃபில் நீல ஒளியில் தூண்டப்பட்டு 680ஐ ஒட்டி உமிழும் ஒளி அது. செல்லின் சொந்த ஒளிர்வு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கடலின் மிகச் சிறிய ஒளிச்சேர்க்கை உயிரியான ப்ரோகுளோரோகாக்கஸை சாலி சிஸ்ஹோமும் சக ஆய்வாளர்களும் 1988இல் அறிவித்தது, கப்பலில் ஏற்றிச்சென்ற ஃப்ளோ சைட்டோமீட்டர் அந்த மங்கலான சிவப்பைக் காட்டியதால்தான்.

ரத்த சாம்பிள்

மனித ரத்தத்துக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. மாணவர்களின் சொந்த ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை பார்க்கக் கூடாது. முடிவு வகுப்பு முழுவதுக்கும் தெரியும். எதிர்பாராத எண் வந்தால் அந்த மாணவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். உரிய அனுமதியோடு பெயர் நீக்கிய மிச்ச ரத்தம், அல்லது ஒப்பீட்டுக்காக விலைக்குக் கிடைக்கும் பதப்படுத்திய கன்ட்ரோல் ரத்தம் போதும்.

ரத்தத்தை அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். கெட்டுவிடுமோ என்று ஃப்ரிட்ஜில் வைப்பது பொதுவான தப்பு. குளிரில் இருந்த ரத்தத்தில் வெள்ளணுக்களான லிம்போசைட்டுகளில் சில வகைகளின் விகிதம் மாறிவிடும். மே மாத வெயிலில் மூடிய வண்டியில் வந்த குழாயும் அதே அளவு சந்தேகத்துக்குரியது. குழாயை 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, 12×75 மில்லிமீட்டர் டியூபின் அடியில் 100 மைக்ரோலிட்டர் ரத்தம் விட வேண்டும். சுவரில் ஒரு சொட்டு ஒட்டினாலும் அந்தச் செல்கள் ஆன்டிபாடியைச் சந்திக்காது; பின்னால் கழுவும்போது இறங்கிவந்து 'நெகட்டிவ்' கூட்டத்தில் கலந்துவிடும். அடுத்து, டைட்ரேஷனில் (பல அளவுகளில் ஓட்டிப் பார்த்து) முடிவான அளவு ஆன்டிபாடி. பிறகு 20 நிமிடம் இருட்டு.

சிவப்பணுக்களை உடைக்க 2 மில்லிலிட்டர் அமோனியம் குளோரைடு கரைசல். லிட்டருக்கு 8.3 கிராம் அமோனியம் குளோரைடு, 1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், 0.037 கிராம் இடிடிஏ, பிஎச் 7.2 முதல் 7.4 வரை. இதை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் சிவப்பணு பாதி உடையாமல் நின்றுவிடும். முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி: டியூபை அச்சடித்த காகிதத்தின் முன்னால் பிடியுங்கள். கலங்கலாக இருந்த திரவம் தெளிந்து, சிவப்பு வழியே எழுத்துகளைப் படிக்க முடிந்தால் முடிந்தது. வழக்கமாக 10 நிமிடம். படிக்க முடிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் வெள்ளணுக்களும் அடிபடும்.

300 ஜியில் (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி, மேலே நிற்பதை எடுத்துவிட்டு, 2 சதவீதம் சீரம் சேர்த்த பிபிஎஸ்ஸில் கழுவி, 500 மைக்ரோலிட்டரில் கரைத்துக்கொள்ளலாம். உடனே ஓட்டவில்லை என்றால் 1 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடில் வைக்கலாம். மேலே நின்ற அந்தத் திரவத்தை ஹைப்போகுளோரைட் இருக்கும் கழிவுக் குடுவையில் கொட்டக் கூடாது. அமோனியமும் குளோரினும் சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் அது உலோகக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகப் படியக்கூடும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு. இரண்டுக்கும் தனித்தனிப் புட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர்.

காம்பென்சேஷன்: ஒரு தடவை கையால்

நேரம் பற்றவில்லை என்றால் வேறு எந்த வகுப்பை வேண்டுமானாலும் குறைக்கலாம். இதைக் குறைக்கக் கூடாது. மென்பொருளில் 'காம்பென்சேட்' என்று ஒரு பொத்தான் இருப்பதால் பலர் இதை ஒருமுறைகூடப் புரிந்துகொள்ளாமலே வருடக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள்.

எஃப்ஐடிசி மட்டும் ஏற்றிய ஒரு டியூப். பாசிட்டிவ் (சாயம் ஏறிய) செல்களின் மீடியன், அதாவது நடு மதிப்பு, பச்சைச் சேனலில் 10,000. அதே செல்கள் பிஇ சேனலில் 1,800. சாயம் ஏறாத செல்கள் பச்சையில் 200, பிஇயில் 150. பிஇ சாயமே இல்லாத டியூபில் பிஇ சேனல் 1,800 காட்டுகிறது என்றால் அது பச்சையின் வால். எவ்வளவு? 1,800இல் 150 போக 1,650. 10,000இல் 200 போக 9,800. வகுத்தால் 0.168. அதாவது எந்தச் செல்லானாலும் அதன் பச்சை ஒளியில் 16.8 சதவீதத்தை பிஇ கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இதைக் கால்குலேட்டரில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். பிறகு பிஇ மட்டும் ஏற்றிய டியூபில் எதிர்த்திசைக் கணக்கு. இரண்டும் கைக்கு வந்த பின், மென்பொருள் கொடுக்கும் எண் அணியை (மேட்ரிக்ஸ்) திறந்து அவர்கள் எண்ணோடு ஒப்பிடட்டும்.

பிஇ வோல்டேஜை 50 வோல்ட் கூட்டி, அதே டியூபை மறுபடி ஓட்டிப் பார்ப்பது அடுத்த வேலை. 16.8 இப்போது வேறொரு எண்ணாகியிருக்கும். காம்பென்சேஷன் போட்ட பிறகு வோல்டேஜைத் தொடாதே என்று பத்து தடவை சொல்வதைவிட இது ஒரு தடவை போதும்.

ஒற்றைச் சாயக் கன்ட்ரோல்கள் சரியாக இருக்க மூன்று நிபந்தனைகள். கன்ட்ரோலின் பாசிட்டிவ், உண்மையான சாம்பிளில் வரும் பாசிட்டிவுக்குச் சமமாகவோ அதைவிடப் பிரகாசமாகவோ இருக்க வேண்டும். மங்கலானதிலிருந்து கணக்கிட்ட சரிவில் சிறு பிழை இருந்தாலும் பிரகாசமான இடத்தில் அது பெரிதாகிவிடும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் சொந்த ஒளிர்வு ஒன்றாக இருக்க வேண்டும். பீட் (செல்லுக்குப் பதில் வைக்கும் நுண்மணி) பாசிட்டிவுக்குப் பீட் நெகட்டிவ், லிம்போசைட்டுக்கு லிம்போசைட். சாயமும் அச்சு அசல் அதுவேயாக இருக்க வேண்டும். பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பிக்கு எஃப்ஐடிசியை வைத்துச் சமாளிக்க முடியாது. பிஇ-சை7 போன்ற இரட்டைச் சாயங்களில் ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்குமே வேறுபாடு வரும்.

படத்தைப் பார்த்துக் கண்ணளவில் சரிசெய்வது இன்னொரு பழக்கம். காம்பென்சேஷனுக்குப் பிறகு பாசிட்டிவ் கூட்டம் பட்டையாகத் தட்டையாக வரும் என்று எதிர்பார்த்து மேலும் மேலும் கழிப்பார்கள். சரியாகக் கழித்த படத்தில் இரண்டு கூட்டத்தின் மீடியனும் ஒரே உயரத்தில் நிற்கும். பிரகாசமான கூட்டம் மேலும் கீழும் பரந்துதான் இருக்கும். ஃபோட்டான்களை எண்ணுவதில் உள்ள ஏற்ற இறக்கம் அது. எந்தக் கழித்தலாலும் போகாது. அந்தப் பரவலுக்குள் மங்கலான பாசிட்டிவ் ஒளிந்திருக்கிறதா என்று அறிய, ஒரே ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஏற்றிய எஃப்எம்ஓ டியூப் வேண்டும். கேட்டின் எல்லையை அதில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வேண்டுமென்றே கெடுத்த டியூப்கள்

நான்காம் நாள் பயிற்றுநர் காலையிலேயே வந்து சில டியூப்களைக் கெடுத்து வைக்க வேண்டும். மேலே எண் மட்டும். மாணவர்கள் ஓட்டி, என்ன நடந்திருக்கும் என்று எழுதித் தர வேண்டும்.

பிஇ-சை7 ஏற்றிய டியூபை ஜன்னலோர வெளிச்சத்தில் சில மணி நேரம் விட்டால் சை7 பகுதி சிதைந்து பிஇ மட்டும் ஒளிரத் தொடங்கும். இல்லாத பிஇ பாசிட்டிவ் கூட்டம் ஒன்று முளைக்கும். செல்களில் ஒரு பங்கை 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்துக் கொன்று கலந்தால் எல்லா ஆன்டிபாடியும் ஏறிய மூலைவிட்டக் கோடு ஒன்று வரும். செத்த செல் எதையும் ஒட்டிக்கொள்ளும். இறந்த செல்லைக் காட்டும் சாயம் சேர்க்காத மாணவர் அதை ஒரு புதிய செல் வகை என்று எழுதுவார். அப்படி எழுதுகிறவர் எந்த வகுப்பிலும் ஒருவராவது இருப்பார்.

சாகும் செல்லில் ஒட்டி அதைக் காட்டும் அனெக்சின் வி ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். வழக்கமான பஃபரில் 2.5 மில்லிமோலார் இருக்கும். அதற்குப் பதில் இடிடிஏ உள்ள பஃபரில் ஒரு டியூப் வைத்தால், சாகும் செல்லே இல்லாத அழகான படம் வரும். இறந்த செல்லைக் காட்டும் 'ஃபிக்ஸபிள்' சாயத்தைச் சீரம் உள்ள பஃபரில் சேர்த்தால் சீரத்தின் புரதமே சாயத்தைத் தின்றுவிடும். வடிகட்டாத ஒரு டியூப் பாதியில் அடைக்கும். நேரத்தை எக்ஸ் அச்சில் வைத்துப் பார்த்தால் எந்த நொடியில் அடைத்தது என்று தெரியும். நேர அச்சைப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர்கள் அந்தக் கோப்பிலிருந்தும் சதவீதம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இவற்றில் மிகத் தந்திரமானது த்ரெஷோல்ட். முன்பக்கச் சிதறலின் த்ரெஷோல்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் சிறிய லிம்போசைட்டுகள் பதிவாகாமலே போகும். மீதம் உள்ள படம் சுத்தமாக, பார்க்க அழகாக இருக்கும். காம்பென்சேஷன் தப்பைப் பின்னால் மென்பொருளில் திருத்தலாம். த்ரெஷோல்டுக்குக் கீழே போன செல் கோப்பிலேயே கிடையாது.

எண்ணிக்கை

சதவீதத்தை எண்ணிக்கையாக்க, தெரிந்த எண்ணிக்கையில் பீட்கள் சேர்க்கிறோம். 50 மைக்ரோலிட்டர் ரத்தம், டியூபில் 50,000 பீட். பதிவானதில் பீட் 3,000, சிடி4 செல் 2,400 என்றால், 2,400ஐ 3,000ஆல் வகுத்து 0.8, அதை 50,000÷50 ஆல் பெருக்க, மைக்ரோலிட்டருக்கு 800 செல்கள். சூத்திரத்தில் உள்ள 50 மைக்ரோலிட்டர் முழுக்க முழுக்கக் கையை நம்பியிருக்கிறது. 45 விழுந்திருந்தால் அறிக்கையில் 720 வரும். ரிவர்ஸ் பிப்பெட்டிங் இதற்காகவே: இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் விட வேண்டும், டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். வெளியே ஒட்டிய 2 மைக்ரோலிட்டர் என்பது 4 சதவீதப் பிழை. ஒரே ரத்தத்தை ஒவ்வொருவரும் ஐந்து டியூபில் வைத்து, தங்கள் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கட்டும். இந்த முறையில் கழுவக் கூடாது. கழுவினால் செல்லும் பீட்டும் வெவ்வேறு விகிதத்தில் தொலையும்.

கேட் போடுவதில் ஒரு பொறி: மோனோசைட்டுகள் என்ற வேறு வெள்ளணு வகையிலும் சிடி4 புரதம் மங்கலாக உண்டு. டி செல்களின் அடையாளமான சிடி3ஐப் பார்க்காமல் சிடி4ஐ மட்டும் எண்ணினால் அவையும் உள்ளே வந்துவிடும். வெள்ளணுக்களின் அடையாளமான சிடி45க்கு எதிராகப் பக்கவாட்டுச் சிதறலை வைத்து லிம்போசைட்டுகளைப் பிடித்து, அதற்குள் சிடி3, சிடி4 இரண்டும் உள்ளவற்றை எண்ண வேண்டும். லிம்போசைட் வகைகளான டி, பி, என்கே செல்களின் சதவீதங்களைக் கூட்டினால் 95க்கும் 105க்கும் நடுவே வர வேண்டும். 88 வந்தால் கேட்டுக்குள் வேறு ஏதோ இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு ஆன்டிபாடி ஏறவில்லை.

அரிய செல்களைத் தேடும்போது கணக்கு வேறு. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் மிச்சமிருக்கும் லுகீமியா செல்லைத் தேட 10,000 செல் ஓட்டினால் ஒன்று வரலாம், வராமலும் போகலாம். 5 லட்சம் ஓட்டினால் சுமார் 50 வரும். அப்போதும் எண்ணுவதால் மட்டும் வரும் ஏற்ற இறக்கம் 14 சதவீதம், 50இன் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்த அளவு.

கடைசி நாள் எல்லோருக்கும் ஒரே கோப்பைக் கொடுத்துத் தனித்தனியாக அலசச் சொல்லுங்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே விடை வராது. அந்த எண்களைப் பலகையில் எழுதி, யார் கேட்டை எங்கே வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று பேசவைப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். தேர்வுக்கு ஆறு கோப்புகள். அவற்றில் இரண்டு திருத்தவே முடியாதவை. ஒன்று த்ரெஷோல்டில் லிம்போசைட்டைத் தொலைத்தது, மற்றொன்று ஒற்றைச் சாயக் கன்ட்ரோலே இல்லாதது. அந்த இரண்டுக்கும் 'முடிவு தர முடியாது, சாம்பிள் மறுபடி வேண்டும்' என்று எழுதி, காரணமும் சொன்னால்தான் முழு மதிப்பெண்.

கருவியை மூடுவதும் மாணவர்கள் வேலைதான். நீர்த்த ஹைப்போகுளோரைட் ஐந்து நிமிடம், வடிநீர் ஐந்து நிமிடம், பிறகு சாம்பிள் ஊசியில் உப்புப் படியாமல் இருக்க 1 மில்லிலிட்டர் வடிநீர் உள்ள டியூபை மாட்டி ஸ்டாண்ட்பை. கழிவுத் தொட்டியைக் காலி செய்து, 10 லிட்டர் தொட்டி என்றால் 1 லிட்டர் ஹைப்போகுளோரைட் ஊற்றி வைக்க வேண்டும். மறுநாள் காலை முதல் குழு வந்து பீட் ஓட்டி, முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதிய பிறகே அடுத்த சாம்பிள்.